கிந்தன் ஏறிய ரயில்

பாட்டில் அரசியல் புகுந்தால் சுருதி கெடும், சிரிப்பு புகுந்தால் கனம் குறையும் என்பது எங்கள் சங்கீத ரசிகர்களிடம் ஊறிப்போன எண்ணம். தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் பிள்ளைகள் வாய்ப்பாட்டும் வீணையும் சிரத்தையோடு கற்று அரங்கேறுகிறார்கள். ஆனால், அந்த மேடைகளில் நாம் வாழும் காலத்தைப் பற்றி ஒரு சொல் கேட்பது அரிது. இதைத் தூய்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசியலும் நகைச்சுவையும் மரபிசைக்கு அந்நியமானவை அல்ல. மரபில் தேர்ந்தவர் கையில் அவை அதன் வலிமையைக் கூட்டியே இருக்கின்றன.

அதற்குச் சிறந்த சான்று, 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய கிந்தனார் கதாகாலட்சேபம். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கலைவாணரின் கிந்தனோ படிக்க ஏங்குகிறான். வேதியரையும் தீண்டத்தகாதவர் எனப்பட்டவரையும் ஒரே வண்டியில் ஏற்றிச் செல்லும் ரயில் அங்கே போற்றிப் பாடப்படுகிறது. பாகவதரின் நிற்கும் தோரணை, இழுத்துப் பேசும் வசனம், பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடும் இடம் எல்லாம் காலட்சேப முறைப்படியே அமைந்திருக்கின்றன. அந்த முறை பிசகியிருந்தால் சபை சிரித்திருக்காது. சிரித்திராவிட்டால் சாதியைப் பற்றிய கேள்வியும் அத்தனை ஆழமாக இறங்கியிருக்காது.

அது சினிமா நகைச்சுவை, சாஸ்திரிய இசையோடு சேர்த்துப் பேசலாமா என்று கேட்கலாம். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரமே பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பண்ணையார் வேதியரைப் படைத்து, அடிமை உழைப்பின் கொடுமையைப் பாட்டாக்கிய நூல்தானே? 2017இல் டி.எம். கிருஷ்ணா, எண்ணூர்க் கழிமுகத்தின் சீரழிவைச் சென்னைப் பேச்சுத் தமிழில் பாடியபோது ஆனந்தபைரவியும் பேகடாவும் தம் இலக்கணத்தை இழந்துவிடவில்லை. அன்றாட அரசியலைப் பாடினால் பாட்டும் அதனோடு பழசாகிவிடும் என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். கறுப்பின மாணவரைப் பள்ளிக்குள் விடாமல் 1957இல் படையை நிறுத்திய ஆர்கன்சா ஆளுநர் ஃபோபஸைக் கேலி செய்து, ஜாஸ் மேதை சார்ல்ஸ் மிங்கஸ் ஒரு உருப்படி அமைத்தார். ஃபோபஸின் ஆட்சி முடிந்து எத்தனையோ காலமாயிற்று; 1959இல் பதிவான அந்த இசையை இன்றும் கேட்கிறார்கள். இசையமைப்பு உறுதியாக இருந்தால் செய்தி பழசானாலும் பாட்டு நிற்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

எங்களுக்கும் இது புதிதல்ல. சாதிக் கொடுமையைச் சொல்லும், ஈழத்துக் கவிஞர் மகாகவியின் 'கண்மணியாள் காதை'யை லடீஸ் வீரமணி வில்லிசையாக மேடையேற்றினார். அந்தத் துணிவு வில்லிசையோடு நின்றுவிடக் கூடாது. இராகத்தையும் தாளத்தையும் இவ்வளவு செம்மையாகக் கற்பிக்கும் ஆசிரியர்கள், காணி இழந்தவரையும் தோட்டத் தொழிலாளியையும் பாடும் உருப்படிகளையும் மாணவருக்குக் கொடுக்க வேண்டும்.