கோஹாவை விட வேண்டாம்

கோயம்புத்தூர்

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதமும், புது சாஃப்ட்வேர் விற்கும் கம்பெனியின் கொட்டேஷனும் கிடைத்தன. நூலக சர்வரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது சாஃப்ட்வேர் வாங்குவதா, இன்னும் ஒரு வருஷம் இப்படியே ஓட்டுவதா என்று கல்லூரி முதல்வர் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறாய். இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். நான்கு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில், பழசாகிப் போனது எது என்று பிரித்துப் பார். உங்கள் மெஷினில் இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் உபுண்டு 14.04. அதற்கு வழக்கமாக வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2019 ஏப்ரலோடு நின்றுவிட்டன. அதன் மேல் ஓடும் நூலக சாஃப்ட்வேரான கோஹா 3.22, 2015 நவம்பரில் வந்தது. 3.22-க்கு அடுத்தது 16.05 என்று பார்த்து மிரளாதே. 2016 மே மாதத்திலிருந்து வருஷத்தையும் மாதத்தையுமே பதிப்பு எண்ணாக வைக்கிறார்கள், அவ்வளவுதான். கோஹா இன்றும் உயிரோடு இருக்கிறது; வருஷத்துக்கு இரண்டு முறை, மே மாதத்திலும் நவம்பரிலும், புதுப் பதிப்பு வருகிறது. லைசென்ஸுக்குக் காசு கிடையாது. ஆக, மாற்ற வேண்டியது பதிப்பையும் அடியில் இருக்கும் உபுண்டுவையும்தான். இதற்காகக் கல்லூரி ஏன் அந்தக் கம்பெனிக்கு வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும்?

முதல்வரிடம் ஒன்று சொல். நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்ற ஊரகப் பகுதியின் நூலகத்தாருக்கு 1999-இல் இதே நிலைமை வந்தது. அவர்களிடம் இருந்த பழைய சிஸ்டம் 2000-ஆம் ஆண்டைத் தாங்காது. கடையில் கிடைத்ததன் விலை அவர்கள் கைக்கு எட்டவில்லை. கிளை நூலகங்களில் இருந்ததோ சாதாரண டெலிபோன் லைன். கட்டிப்போ என்ற சிறு நிறுவனத்திடம் சொல்லித் தங்களுக்கு வேண்டியதை எழுதி வாங்கினார்கள். 2000 ஜனவரி 3 அன்று அது ஓடத் தொடங்கியது. பிறகு யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். அதுதான் கோஹா. பணமில்லாத நூலகத்துக்காகவே பிறந்த ஒன்றை, பணமில்லை என்று கவலைப்படும் நீங்கள் கைவிடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

ஆனால் அப்படியே விட்டுவைப்பதும் தப்பு. மாணவர்கள் வீட்டிலிருந்தே புத்தகம் தேடட்டும் என்று சர்வரை இன்டர்நெட்டுக்குத் திறந்துவைத்திருக்கிறீர்கள். திருத்தம் நின்றுபோன மெஷினில் அத்தனை பிள்ளைகளின் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் கிடக்கின்றன. இது புத்தகம் தொலைகிற விஷயமில்லை. கல்லூரி வளாகத்துக்குள் மட்டும் தெரிகிற மாதிரி இன்றைக்கே அடைத்துவிடு. காசு செலவில்லாத வேலை, பாதி ஆபத்து போய்விடும்.

அடுத்தது பேக்கப். தினமும் தானாகவே எடுக்கிறது என்கிறாய், சரி. ஆனால் அது போய் உட்காருவது அதே ஹார்டு டிஸ்க்கில். அந்த டிஸ்க் போனால் அசலும் பேக்கப்பும் சேர்ந்து போகும். ஒரு வெளி டிஸ்க் வாங்கி, வாரம் ஒரு முறை எடுத்து அலுவலக பீரோவில் பூட்டு. புத்தகப் பதிவுகளை, நூலகங்களுக்குப் பொதுவான மார்க் 21 வடிவில் தனியாக ஏற்றுமதி செய்தும் வை. வருஷக்கணக்காக நீ உட்கார்ந்து அடித்த தமிழ்ப் பதிவுகள்தான் அங்கே உண்மையான சொத்து. சாஃப்ட்வேர் நாளைக்கே திரும்பக் கிடைக்கும், அவை கிடைக்காது.

மேம்படுத்துவதை ஓடுகிற மெஷினில் செய்யாதே. டேட்டாபேஸ் ஒரு முறை புதுப் பதிப்புக்கு மாறிவிட்டால் பின்னால் திருப்ப வழியில்லை. கம்ப்யூட்டர் லேபில் ஒதுக்கிப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கு. அதில் ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, உபுண்டுவுக்குப் பதிலாக டெபியனும், அதன் மேல் கோஹாவும் ஏற்றி, உன் பேக்கப்பை அங்கே திறந்து பார். புத்தம் புதுப் பதிப்பு வேண்டாம், ஆறு மாதம் பழகியது போதும். இத்தனை வருஷப் பதிப்புகளை ஒரே மூச்சில் தாண்டும்போது எங்காவது முட்டும். முட்டட்டும், அது சோதனை மெஷின்தானே. இரவல் கொடுத்த புத்தகம், அபராதம், தமிழ்த் தேடல், பார்கோடு எல்லாம் சரியாக வருகிறதா என்று நீயே உட்கார்ந்து பார். கம்ப்யூட்டர் ஆளுக்குத் தெரியாதது உனக்குத் தெரியும். எல்லாம் சரியான பிறகு கோடை விடுமுறையில் மாற்றிக்கொள். செமஸ்டர் நடுவில் கை வைக்காதே.

செலவென்று பார்த்தால் எஸ்.எஸ்.டி., வெளி டிஸ்க், யு.பி.எஸ்.-க்குப் புது பேட்டரி, உதவிக்கு வருகிற பையனுக்கு நியாயமான கூலி. அந்தக் கூலியில் மட்டும் பேரம் பேசாதே. செய்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வாங்கு. அவன் வேறு ஊருக்குப் போய்விட்டாலும் உனக்கு வழி இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் முதல்வர் புதுசுதான் வேண்டும் என்றால், அந்தக் கம்பெனியிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேள்: நாளைக்கு நாங்கள் விலகினால் எங்கள் பதிவுகள் அத்தனையையும் மார்க் 21-இல் தருவீர்களா? எழுத்தில் பதில் வராவிட்டால் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்மா. அதற்குள் சர்வரை வெளியே தெரியாமல் அடைத்துவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்