வெந்நீரும் வெளிக்காற்றும்

வெந்நீர் போடுவதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். தூத்துக்குடிப் பக்கத்தில் வளர்ந்தவனுக்குக் குழாயைத் திறந்தாலே பாதி வெந்நீர்தான். ஆனால் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில், மார்கழி மாதத்து விடியலில், சிவாஜிநகர்ச் சந்து ஒன்றின் மாடி அறையில் குடியிருப்பவனுக்கு அது நகைப்புக்குரிய பொருள் அன்று. ஏழு மணிக்குள் மூவர் குளித்தாக வேண்டும். எதைக் கொண்டு நீரைச் சுட வைப்பது? மின்சாரமா, வாயுவா?

எங்கள் வீட்டுக்கார அம்மாளின் தாயார் காலத்தில் செம்பு அண்டாவின் கீழ் விறகு எரிந்ததாம். அண்டா இன்றும் இருக்கிறது. அதில் அரிசி கொட்டி வைத்திருக்கிறார். 1905இல் சிவசமுத்திரத்து மின்சாரம் பெங்களூருக்கு வந்தது. அது தெருவிளக்கு எரிக்க வந்ததே தவிர, வெந்நீர் போட வரவில்லை. இப்போது ஊரெங்கும் மொட்டை மாடிகளில் சூரிய வெப்பக் கலங்கள் மின்னுகின்றன. மாடி உடையவனுக்கு அந்தப் பாக்கியம். அறை வாடகைக்கு எடுத்தவனுக்கு ஏது?

கணக்கைப் பார்ப்போம். ஒரு வாளி 15 லிட்டர். 20 டிகிரியில் இருப்பதை 40 டிகிரிக்குக் கொண்டுவர 1,260 கிலோ ஜூல் வேண்டும். மின்சாரத்தில் அது 0.35 யூனிட். சமையல் வாயுவில், ஐந்தில் ஒரு பங்கு வெப்பம் வீணாகும் என்று வைத்துக்கொண்டால், 34 கிராம். 14.2 கிலோ சிலிண்டர் நானூறு வாளிக்கு மேல் தாங்கும்.

இந்தச் சூடு எவ்வளவு பெரிய செலவு என்பதற்கு ஒன்று சொல்கிறேன். காவிரி நீரைத் தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம் கொண்டுவந்து, சுமார் 500 மீட்டர் மேலேற்றி நமக்குத் தருகிறார்கள். குழாயின் உராய்வை விட்டுவிட்டால், ஒரு லிட்டர் நீரை அவ்வளவு உயரம் தூக்கும் ஆற்றல், அதே நீரை 1.2 டிகிரி சுட வைக்கத்தான் போதும்! மலையேற்றுவதைவிட, குளிக்கும் பதத்துக்குச் சுட வைப்பது பதினேழு மடங்கு வேலை. ஜூல் என்ற அறிஞர் 1840களில் கண்ட உண்மை, சிவாஜிநகர்க் குழாயடியில் இப்படிக் காட்சி தருகிறது.

வேகத்தில் வாயு முந்திக்கொள்ளும். 10 கிலோவாட் சூடு தரும் வாயு கீசர் ஒரு வாளியை இரண்டே நிமிடத்தில் நிரப்பிவிடும். மின்சாரத்தில் அந்த வேகம் வேண்டுமானால் 43 ஆம்பியர் ஓட வேண்டும். நம் வீட்டுப் பெரிய சாக்கெட்டோ 16 ஆம்பியருக்கு மேல் தாங்காது. ஆகவே மின்சாரக் கீசர் தொட்டியில் சேர்த்து வைத்துத் தருகிறது. வாயு கீசர் ஓடும் நீரையே சுட வைத்துத் தருகிறது. மூவர் வரிசையில் நிற்கும் வீட்டில் எது வெல்லும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் குளியலறைச் சுவரிலும் வாயு கீசரே தொங்கிற்று.

சென்ற டிசம்பரில், குளிர் தாங்காமல் அறைத் தோழர் ஒருவர் மேலிருந்த காற்றுத் துவாரத்தை அட்டை வைத்து அடைத்தார். மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைவலி, குமட்டல், கால் தளர்ச்சி. "பித்தம், தம்பி. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிக்கச் சொல்லுங்க" என்றார் வீட்டுக்கார அம்மாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வெளிக்காற்றில் உட்கார வைத்து, பிறகு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் கேட்ட முதற்கேள்வி, "குளியலறையில் வாயு கீசரா?" என்பதுதான்.

அன்றிரவு அறையை அளந்தேன். நான்கடி, ஐந்தடி, ஏழடி. அதாவது 4 கன மீட்டர் காற்று. ஒரு வாளிக்குரிய 34 கிராம் வாயு எரிய ஏறக்குறைய அரை கன மீட்டர் காற்று தேவை. பத்து நிமிடம் சாவகாசமாகக் குளித்தால் நான்கு வாளி; பாதி அறைக் காற்றின் பிராணவாயு தீரும் கணக்கு. அவ்வளவு தூரம் போகுமுன்பே சுடர் அரைகுறையாக எரியத் தொடங்கிவிடும். அப்போது பிறப்பது கார்பன் மோனாக்சைடு. அது பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். சிலிண்டர் வாயு கசிந்தால் மூக்குக்குத் தெரியவேண்டும் என்று அதில் நாற்றப்பொருள் கலக்கிறார்கள். ஆனால் இந்தப் பாவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளியலறையில் மயங்கி விழுந்து உயிர் துறந்த இளைஞர்களைப் பற்றி இந்நகரத்துச் செய்தித்தாள்களில் பன்முறை படித்திருக்கிறோம்.

அமெரிக்காவில் வீட்டையே வண்டிமேல் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவோர் உளர். எங்கள் அறையை விடச் சிறிய இடம். அந்த வண்டிகளில் ஆறு காலன், அதாவது சுமார் 23 லிட்டர், கொள்ளும் வெந்நீர்த் தொட்டி வைக்கிறார்கள். பலவற்றில் மின்கம்பியும் உண்டு, புரோப்பேன் சுடரும் உண்டு. தங்குமிடத்தில் மின்சாரம் கிடைத்தால் அது, கிடைக்காவிடில் இது, அவசரமானால் இரண்டும். எனக்கு வியப்பளித்தது அதுவன்று. சுடர் எரியும் அறை வண்டியின் வெளிச்சுவரை நோக்கித் திறந்திருக்கிறது! காற்றை வெளியிலிருந்து வாங்கி, புகையையும் வெளியிலேயே விடுகிறது. குளிப்பவன் மூச்சில் அது பங்கு கேட்பதில்லை. நம் சிலிண்டரில் இருப்பதும் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்ததுதான். வாயு ஒன்றே, மாட்டிய இடம்தான் வேறு.

மின்சாரத்தைச் சாதுவென்று எண்ணிவிட வேண்டா. வாளியில் ராடு போடும் தோழர்கள், நீரில் அமிழ்த்திய பிறகே சுவிட்சைப் போடுங்கள்; அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே நீரில் கை வையுங்கள். எர்த் இல்லாத சாக்கெட் பக்கமே போகாதீர்கள். எனினும் அது அறைக் காற்றைத் தின்பதில்லை.

வீட்டுக்கார அம்மாளிடம் கணக்கை விளக்கினேன். "துவாரத்தைத் திறந்தா குளிரு உள்ளே வருமே தம்பி. அதுக்குத்தானே கீசரே வெச்சேன்?" என்றார். துவாரம் மட்டும் போதாது, கீசரே வெளியே போகவேண்டும் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், தோழரின் தாயார் ஊரிலிருந்து தொலைபேசியில் நலம் விசாரித்து அழுததைக் கேட்டாரோ என்னவோ, தாமே குழாய்க்காரரை அழைத்து வந்துவிட்டார். செலவில் பாதி அவர், பாதி நாங்கள்.

கீசர் இப்போது திறந்த நடையில், மழை படாத தகரத்தின் கீழ் எரிகிறது. சுவரைத் துளைத்து வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வருகிறது. குழாய் நீண்டுவிட்டதால் முதல் இரண்டு செம்பு நீர் சில்லென்றுதான் வரும். அதைக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றவேண்டும் என்பது அம்மாளின் கட்டளை. முதலில் குளிப்பவர் பொறுப்பு அது. ஆதலால் முதலில் குளிக்க இப்போது எவரும் முந்துவதில்லை.