பஸ் குரூப்

எங்கள் வாட்ஸ்அப் குரூப்பைத் தொடங்கியது தொழிற்சங்கத்துக்காக அல்ல. அரக்கோணத்திலிருந்து தக்கோலம், பேரம்பாக்கம் வழியாகச் சுங்குவார்சத்திரம் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸுக்காக. "சுவால்பேட்டை தாண்டிடுச்சா?", "நாளைக்கு ஓ.டி. உண்டா?" அவ்வளவுதான் பேச்சு.

2024 செப்டம்பர் 9-ஆம் தேதி அதே சுங்குவார்சத்திரம் பக்கம் இருக்கும் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்கத்தை ஏற்க வேண்டும், சம்பளத்தை உயர்த்த வேண்டும் என்பது கோரிக்கை. அன்றுமுதல் குரூப்பில் அவர்களுடைய போராட்டப் பந்தல் வீடியோக்கள் வந்து விழுந்தன. எங்கள் கம்பெனியில் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் போனை உள்ளே விடுவார்கள். லைனில் தொடவே முடியாது. டீ பிரேக்கில் லாக்கரைத் திறந்து, நான்கைந்து தலைகள் ஒரே போனில் குனியும். அக்டோபரில் போலீஸ் பந்தலைப் பிரித்த வீடியோ வந்த இரவு, ஒரு பையன் கேட்டுவிட்டான்: "நமக்கும் சங்கம் வேணாமா?"

எல்லோரும் படித்தார்கள். ஒருவரும் பதில் போடவில்லை. மறுநாள் அந்த ஸ்கிரீன்ஷாட் ஹெச்.ஆர். மேசையில் இருந்தது. பையனை லைன் மாற்றினார்கள். 'வெளியேறினார்', 'வெளியேறினார்' என்று குரூப் காலியானது.

அதற்குப்பின் நேரில்தான் பேசினோம். அரக்கோணத்தை அடுத்த இச்சிபுத்தூர் எம்.ஆர்.எஃப். ஆலைத் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ.) வரை புகார் கொண்டுபோன பகுதி இது. விவரம் தெரிந்த பெரியவர்களுக்குப் பஞ்சமில்லை. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வுபெற்ற ஒருவர் சொன்னார்: "போன்ல அழைக்கலாம் தம்பி. சேர்றதுன்னா ஃபாரத்துல கையெழுத்துதான்."

அப்போது நடைமுறையில் இருந்த 1926-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டப்படி, 7 பேர் கையெழுத்திட்டுச் சங்கத்தைப் பதிவுசெய்ய விண்ணப்பிக்க முடிந்தது. தொழிலாளர்களில் பத்து சதவீதமோ 100 பேரோ, எது குறைவோ குறைந்தது அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டியிருந்தது. இதை அவர் குரலிலேயே வாய்ஸ் நோட்டாகப் பதிந்து, நம்பிக்கையானவர்களுக்கு மட்டும் தனித்தனியாக அனுப்பினோம்.

அது போய்ச் சேர்ந்த இடம் நாங்கள் நினைக்காதது. பையன்கள் அதை வீட்டில் சத்தமாகப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். பலரைத் தடுத்தது கம்பெனி மட்டுமல்ல, வீட்டுப் பயமும்தான்: வேலை போய்விடும், தங்கச்சி கல்யாணம் நின்றுவிடும். அடுப்படியில் நின்று கேட்ட ஓர் அம்மா மகனிடம், "அந்தப் பெரியவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வா, நான் கேக்கணும்" என்றாராம். பெரியவர் போனார். ஒரு மணி நேரம் அம்மாவின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். மறுநாள் காலை பஸ்ஸில் மகன் ஃபாரம் கேட்டான். சமூக ஊடகம் சங்கம் கட்டும் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த அம்மாதான் நினைவுக்கு வருகிறார். குரல் கதவு வரை போகும், உள்ளே போக ஆள் வேண்டும்.

சாம்சங் தொழிலாளர் சங்கம் 2025 ஜனவரி 27-இல் பதிவானது. குரூப்பிலிருந்து வெளியேறியவர்களில் சிலர் அன்று தாங்களாகவே எங்களைக் கூப்பிட்டார்கள். காண்ட்ராக்டில் வந்த ஒடிசாப் பையன்கள்தான் இன்னும் தயங்குகிறார்கள். அதே விவரத்தை ஒடியாவில் பேசித் தர ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.