பதுளையில் கைதானவரைத் தேடுவது

சிறைக்குப் புதிதாக வந்தவர்களின் பட்டியல் பதுளையில் இணையத்தில் கிடைக்காது. பசறையிலோ ஹாலிஎலயிலோ லயத்திலிருந்து ஒருவரைப் பிடித்துப் போனால், வீட்டார் முதலில் போக வேண்டியது பொலிஸ் நிலையத்துக்கு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி, சாதாரண வழக்கில் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் அவரை நீதவான் முன் நிறுத்த வேண்டும். அங்கே பொலிஸார் தாக்கல் செய்வது ‘பி’ அறிக்கை. அதன் இலக்கத்தை ஒரு துண்டுக் காகிதத்திலாவது எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த தவணையை நீதிமன்றப் பதிவகத்தில் விசாரிக்க அது இருந்தால் அலைச்சல் குறையும். விளக்கமறியல் என்றால் பதுளைச் சிறைச்சாலையில் கேட்கலாம். தமிழில் பதில் பெறுவது உரிமைதான். ஆனாலும் சிங்களம் தெரிந்த ஒருவர் கூட வந்தால் வேலை சீக்கிரம் முடியும். பொலிஸ் விவரம் தர மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழைக்கலாம்.