கல் பொறுக்கிய துரை

பல்லாவரம் என்றதும் சென்னைக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமைச் சந்தைதான் முதலில் ஞாபகம் வரும். பழைய கிராமபோனிலிருந்து நாய்க்குட்டி வரை எல்லாம் கிடைக்கும் சந்தை. அந்த ஊரில் ஒருவருக்கு அதைவிடப் பழைய பொருள் ஒன்று சும்மாவே கிடைத்தது. 1863 மே 30, சனிக்கிழமை. அக்னி நட்சத்திரம் முடிந்தும் முடியாத வெயில். பட்டாள மைதானத்துக்குப் பக்கத்தில் சரளை தோண்டிய ஒரு சின்னப் பள்ளம். வெளியே வாரிக் கொட்டியிருந்த சரளையில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார் ராபர்ட் ப்ரூஸ் ஃபூட். அப்போது அவருக்கு வயது 28.

இந்தியாவில் பழைய கற்கால மனிதனின் கருவி என்று அடையாளம் காணப்பட்ட முதல் கல் அதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் தொல்லியல் ஆளே கிடையாது! இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் 1834-ல் பிறந்து, 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தவர். பாறை எங்கே, தாது எங்கே என்று ஊர் ஊராகப் போய் வரைபடம் போடுவதுதான் சம்பளம் வாங்கும் வேலை. கற்கருவி தேடுவதெல்லாம் அந்த வேலைக்கு நடுவே செய்தது. ஆனால் காலம் அப்படிப்பட்டது. பிரான்சில் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கள் மனிதன் செய்தவைதான், அழிந்துபோன விலங்குகளின் காலத்தவைதான் என்று 1859-ல்தான் இங்கிலாந்து அறிஞர்கள் ஒப்புக்கொண்டார்கள். டார்வினின் புத்தகமும் அதே வருடம். நான்கே வருடத்தில் அதே மாதிரிக் கல் மெட்ராஸுக்குப் பக்கத்தில்!

சரி, சரளைக் குவியலில் ஒரு கல் மட்டும் கருவி என்று எப்படிச் சொல்வது? குவார்ட்சைட் மாதிரிக் கெட்டியான கல்லை இன்னொரு கல்லால் சரியான கோணத்தில் அடித்தால் ஒரு சில்லு தெறிக்கும். சில்லில் அடிபட்ட இடத்துக்குக் கீழே லேசாக ஒரு புடைப்பு இருக்கும். தாய்க்கல்லில் அதற்கு ஈடாக ஒரு குழி விழும். ஆற்றில் உருண்டு மோதிய கல்லிலும் ஒன்றிரண்டு சில்லு போயிருக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, விளிம்பு முழுக்கச் சில்லு எடுத்து, ஒரு முனை கூராகவும் மறுமுனை உள்ளங்கையில் அடங்கும்படியும் இருந்தால் அது ஆறு செய்த வேலை இல்லை. ஒருமுறை கண் பழகிவிட்டால் அப்புறம் அந்தக் கல்லை வெறும் கல்லாகப் பார்க்கவே முடியாது.

நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 28 அன்று, சக ஊழியர் வில்லியம் கிங்குடன் கொசஸ்தலையாற்றுப் பக்கம் போனார் ஃபூட். அத்திரம்பாக்கம் என்ற ஊரில், மழைநீர் அரித்த ஓடைகளில் கற்கருவிகள் கொட்டிக் கிடந்தன. அவை செம்புறாங்கல் சரளை அடுக்குகளோடு சேர்ந்தவை என்பதைக் கவனித்தார். இங்கேதான் நிலவியல் படித்தது கை கொடுத்தது. சாதாரண சேகரிப்பாளர் கல்லை மட்டும் பார்ப்பார். இவர் கல் எந்த மண்ணில் கிடந்தது, அந்த மண் எதற்கு மேலே, எதற்குக் கீழே என்று பார்த்தார்.

இந்தப் பழக்கத்தை அவர் விடவே இல்லை. 1891-ல் ஓய்வு பெற்றார், பிறகு பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்கு வேலை செய்தார், வீடு ஏற்காட்டில். போன இடமெல்லாம் சேகரித்தார். கைக்கோடரிகளோடு, வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகள், அரைக்கும் கற்கள், பானை ஓடுகள் எல்லாம் சேர்ந்தன. முழுப் பானை என்றால் யாரும் எடுத்து வைப்பார்கள், உடைந்த ஓட்டை யார் சீந்துவார்? ஆனால் ஓடு பேசும். சக்கரத்தில் வனைந்ததா, கையால் பிடித்ததா, சூளையில் காற்று பட்டதா என்பதெல்லாம் அதில் தெரியும். காற்று பட்ட பக்கம் சிவக்கும், படாத பக்கம் கறுக்கும். இரும்புக்காலக் கல்லறைகளில் கிடைக்கும் கறுப்பு-சிவப்புப் பானைகளின் ரகசியம் இவ்வளவுதான்.

பெல்லாரிப் பக்கத்துச் சாம்பல் மேடுகள் கதை இன்னும் சுவாரஸ்யம். பெரிய பெரிய மேடுகள், உள்ளே முழுக்க உருகிக் கட்டியான சாம்பல். ஹம்பி பக்கத்தில் உள்ள ஒரு மேட்டை வாலியைத் தகனம் செய்த இடம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். படித்தவர்கள் எரிமலை என்றார்கள், இரும்பு உருக்கிய கழிவு என்றார்கள். ஃபூட், இது எரிந்த மாட்டுச் சாணம், புதிய கற்கால மக்கள் மாடு வளர்த்த இடம் என்றார். சாணமா என்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள்! 1957-ல் ரேமண்ட் ஆல்சின் உட்னூரில் ஒரு மேட்டை அகழ்ந்தபோது, பட்டிக்கு நட்ட கம்பங்களின் குழிகளும் மாட்டுக் குளம்புத் தடங்களும் வெளிவந்தன.

எல்லாவற்றிலும் அவர் சரியாகச் சொல்லிவிடவில்லை. பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் நடுவே மிக நீண்ட ஓர் இடைவெளி இருந்ததாகக் கடைசி வரை நம்பினார். அந்த இடைவெளி இல்லை என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். தமாஷ் என்னவென்றால், அதை நிரப்பிய சின்னஞ்சிறு கற்கருவிகளில் சில அவர் கையிலேயே இருந்தன. திருநெல்வேலிச் சீமையில் சாயர்புரம் தேரியில் அவரே எடுத்தவை. அவற்றின் வயது அவருக்குப் பிடிபடவில்லை, ஆனால் இடத்தைக் குறித்து வைத்தார். 1956-ல் ஸோய்னரும் ஆல்சினும் அந்தத் தேரிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள்.

சேகரிப்பு முழுவதையும் 1904-ல் மெட்ராஸ் அருங்காட்சியகத்துக்கு விற்றார். நாற்பது வருடம் சேர்த்ததை ஒரே நாளில் கொடுப்பது லேசா? ஆனால் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு கல்லும் ஓடும் எந்த ஜில்லா, எந்த ஊர், எந்தக் குன்று என்று பட்டியல் எழுத உட்கார்ந்தார். நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள்! அது அச்சாகி வருவதை அவர் பார்க்கவில்லை. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் காலமானார். பட்டியல் 1914-லும், விளக்கக் குறிப்புகள் 1916-லும் வெளிவந்தன. அவரது அஸ்தி ஏற்காட்டு தேவாலயத்தில் இருக்கிறது.

ஊர் பெயர் இல்லாத கைக்கோடரி அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான். ஊர் பெயர் இருந்தால் திரும்பப் போகலாம். அத்திரம்பாக்கத்துக்கு அப்படித்தான் போனார்கள். சாந்தி பப்புவும் குழுவினரும் 1999-லிருந்து அங்கே அகழாய்வு செய்தார்கள். அங்குள்ள கைக்கோடரிகளின் வயது சராசரியாக 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அதே இடத்தின் மேல் அடுக்குகளில் கிடைத்த 7,200-க்கும் மேற்பட்ட கற்கருவிகளை ஆராய்ந்து, இடைப் பழங்கற்காலம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பாடப்புத்தகங்களைத் திருத்தவேண்டிய அளவு பெரிய விஷயம். எந்தக் கருவியால் எப்படி அளந்தார்கள் என்பது தனிப் பதிவுக்கு உரியது.

பல்லாவரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே சரளை தோண்டியவர்களால்தான் கல் வெளியே வந்தது, தோண்டிக்கொண்டே போனதால்தான் இடமும் போனது. இன்று அங்கே வீடுகள், கடைகள், மேம்பாலம். மேலே விமானம் இறங்கும் சத்தம். அத்திரம்பாக்கத்தில் மட்டும், நல்ல மழை பெய்த மறுநாள் ஓடைக் கரையில் நடந்தால் இன்னும் கற்கள் கழுவி வெளியே வந்து கிடக்கும். பார்க்கலாம், எடுக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட இடம் அது.