‘இதர’ எனும் அலமாரி



சேலத்திலிருந்து நாமக்கல் நோக்கித் திருமணிமுத்தாறு செல்லும் சமவெளியில் இருக்கிறது எங்கள் மஹல்லா. பள்ளிவாசலை ஒட்டிய சிறு அறையே எங்கள் நூலகம். கணவரை இழந்து இத்தாவில் இருந்த சகோதரி ஒருவர், தம் மகனை அங்கு அனுப்பி, இத்தாவின் சட்டங்களைக் கூறும் தமிழ் நூல் ஒன்று கேட்டிருந்தார். ஹஸ்ரத்திடம் கேட்டனுப்ப அவருக்குக் கூச்சம். நாங்கள் மூவர் தேடினோம். ‘நிக்காஹ்’ தட்டிலும் இல்லை, ‘ஜனாஸா’ தட்டிலும் இல்லை. நூல் இல்லை என்று சொல்லிச் சிறுவனைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

ரமழானுக்கு முன் வெள்ளையடிப்பதற்காக அலமாரிகளை ஒழித்தபோது அந்நூல் கிடைத்தது. ‘இதர’ என்று நாங்களே எழுதி ஒட்டிய அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. ஹனஃபி மத்ஹபின்படி பெண்களுக்கான சட்டங்களைத் தொகுத்த நூல் அது. பிழைப்பிற்கு வேறு வழியற்ற விதவை பகலில் வெளியே சென்று வரலாம், இரவில் தம் இல்லத்தில் தங்க வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அச்சகோதரியோ வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்பவர். நான்கு மாதமும் பத்து நாளும் வேலைக்குப் போகாமல், கடன் வாங்கி அடுப்பெரித்திருக்கிறார். நூல் எங்களிடம் இருந்தது. ஆயினும் இல்லாததாகவே இருந்தது. அமானிதத்தைத் தொலைத்தவர்களாய் நாங்கள் தலைகுனிந்தோம்.

எங்கே தவறினோம் என்று எண்ணிப் பார்த்தோம். நூல்களைத் தமிழ், உருது, அரபி என்று பிரித்து, ஒவ்வொன்றையும் மேலும் சில தலைப்புகளாக வகுத்திருந்தோம். எதிலும் அடங்காதவை ‘இதர’ ஆயின. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் ‘மகானீ’ அரபி அலமாரியில் இருந்தது. அதன் எழுத்து அரபி, மொழியோ தமிழ். அரபுத்தமிழ் நூலுக்கு எங்கள் பகுப்பில் இடமே இல்லை.

இத்தகைய குறை உலகின் பெரிய நூலகங்களுக்கும் உண்டு. அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பகுப்பு முறையில் 200 முதல் 299 வரையிலான எண்கள் சமயத்திற்கு உரியவை. அவற்றுள் பெரும்பகுதி கிறித்தவத்திற்கே ஒதுக்கப்பட்டது. இஸ்லாம் 297 என்ற ஒற்றை எண்ணுக்குள் அடங்க நேர்ந்தது. வகுப்பவர் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்தே அலமாரி தெரிகிறது.

நம் இமாம்கள் இக்கேள்வியை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டார்கள். இமாம் அஹ்மத் பின் ஹன்பல் (ரஹ்) தம் ‘முஸ்னத்’ நூலில் அறிவித்த ஸஹாபியின் பெயரின் கீழ் ஹதீஸ்களை அடுக்கினார்கள். யார் அறிவித்தார் எனத் தெரிந்தவருக்கு அது எளிது. இமாம் புகாரி (ரஹ்) பொருள்வாரியாகப் பாடங்களை அமைத்தார்கள். ஒரே ஹதீஸைத் தேவைப்பட்ட பாடங்களிலெல்லாம் மீண்டும் வைத்தார்கள். எண்ணத்தைப் பற்றிய புகழ்பெற்ற ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் ஏழு இடங்களில் வருகிறது. வஹீயின் தொடக்கம், ஈமான், அடிமை விடுதலை, அன்சாரிகளின் சிறப்பு, நிக்காஹ், சத்தியங்கள், தந்திரங்கள் என எந்த வாசல் வழியாக வருபவருக்கும் அது கிடைக்கிறது.

ஆனால் எங்களிடம் நூலின் படி ஒன்றே உண்டு; அதை ஏழு தட்டுகளில் வைக்க இயலாது. இதற்கு விடை தந்தவர் சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன். கணிதப் பேராசிரியராயிருந்த அவர் 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல், அதன் பல முகங்களைத் தனித்தனியே குறித்து இணைப்பதே அதன் அடிப்படை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிட்ட வேண்டும், வாசகரின் நேரம் மிச்சமாக வேண்டும் என்பன அவர் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டு. அவ்விரண்டிலும் நாங்கள் தோற்றிருந்தோம்.

லாரி புக்கிங் ஆபீஸில் வேலை செய்யும் எங்கள் சகோதரர் ஒருவர் இதையே தம் தொழில் மொழியில் சொன்னார்: “ஏத்துற நம்ம வசதிக்கு அடுக்கக் கூடாதுங்க. எங்க எறங்குதோ அத வெச்சு அடுக்கணும்.”

அவ்வாறே செய்தோம். நூல் நிற்பதற்கு ஒரே பகுப்பு; அதை அழைப்பதற்குப் பல குறிச்சொற்கள். ஒவ்வொரு நூலுக்கும் பொருள், மொழி, எழுத்து, மத்ஹப், எந்நேரத்தில் தேவைப்படும் என்ற ஐந்தையும் அட்டைகளில் எழுதினோம். ‘மகானீ’ தமிழ் என்ற அட்டையிலும் இடம்பெற்றது. தமிழ் பேசும் வீட்டில் ‘தொழுகை’, உருது பேசும் வீட்டில் ‘நமாஸ்’, மதரஸாவில் ‘ஸலாத்’. மூன்றும் ஒன்றே என்பதால் ஒரு சொல்லைத் தலைமையாக்கி, மற்ற இரண்டிலிருந்தும் அதற்கு வழி காட்டினோம்.

இதிலும் தவறு செய்தோம். ஆர்வத்தில் ஒரே நூலுக்குப் பத்துப் பதினைந்து சொற்களை எழுதினோம். ‘இஸ்லாம்’ என்ற சொல் எல்லா அட்டைகளிலும் இருந்தது. எல்லாவற்றையும் குறிக்கும் சொல் எதையும் குறிப்பதில்லை எனக் கண்டு அதை நீக்கினோம். ‘இதர’ அலமாரியை முற்றும் ஒழிக்க இயலவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக் கொண்டோம்.

அச்சகோதரியின் வீட்டிற்கு அந்நூலுடன் சென்று, வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டோம். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “நான் இத்தான்னு கேட்டேன், நீங்க நிக்காஹ்ல தேடினீங்க. பொம்பளைங்க எப்படிக் கேப்பாங்கன்னு எங்களக் கேட்டு எழுதுங்கண்ணா” என்றார். மஹல்லாப் பெண்களிடம் கேட்டு அவ்வீட்டிலிருந்து வந்த நாற்பதுக்கும் மேற்பட்ட சொற்கள் இன்று எங்கள் அட்டைகளில் உள்ளன.

மக்களைச் சமூகங்களாகவும் குலங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக என்று ஸூரத்துல் ஹுஜுராத்தின் 13ஆம் வசனம் உணர்த்துகிறது. நூல்களை வகுக்கும்போதும் அதுவே நம் நோக்கமாக இருக்கட்டும். தேடி வருபவருக்கு வழியை எளிதாக்குவோரில் நம்மையும் வல்ல அல்லாஹ் சேர்த்தருள்வானாக. ஆமீன்.