கடன் என்றால் என்ன, அம்மா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீலசந்திராவில் எங்கள் தெருவுக்குள் நான்கு மொழிகள் கேட்கும். பால்காரரிடம் கன்னடம், எதிர்வீட்டில் உருது, எங்கள் சமையலறையில் தமிழ், என் மகளின் வாயில் பெரும்பாலும் ஆங்கிலம். அவளுக்குப் பத்து வயது. ஓய்வுநாள் பள்ளிக்குக் கிளம்பும் முன் மனப்பாட வசனத்தை என்னிடம் ஒருமுறை ஒப்பித்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாள். கையிலிருக்கும் தாளில் வசனம் தமிழ், எழுத்து ஆங்கிலம். பள்ளியில் இரண்டாம் மொழி கன்னடம் என்பதால் தமிழ் எழுத்துக்கள் அவளுக்குப் பிடிபடவில்லை. தமிழில் முதுகலை படித்து, மொழிபெயர்த்தே பிழைப்பவளின் வீட்டில் இந்த நிலைமை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு சின்ன ஆறுதல் உண்டு. 1554இல் லிஸ்பன் நகரில் ஒரு சிறு கிறிஸ்தவ உபதேசப் புத்தகம் அச்சானது. அதிலிருந்த தமிழும் ரோமன் எழுத்தில்தான் இருந்தது. அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே கொல்லத்தில் அச்சாக மேலும் 24 ஆண்டுகள் ஆயின. பதினாறே பக்கங்கள். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. அது ஆசிரியரும் மாணவரும் கேள்வி பதிலாகப் பேசிக்கொள்ளும் புத்தகம். தமிழ் அச்சு பிறந்ததே ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கத்தான். மகள் இன்னும் 1554லேயே நிற்கிறாள், அவ்வளவுதான் என்று வீட்டில் சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

நான் வளர்ந்தது பாளையங்கோட்டையில். சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஜெபம் முடிந்தால்தான் சோறு. பாட்டி வேதப் புத்தகத்தை மடியில் வைத்து, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசிப்பாள். அந்த விரலைப் பின்தொடர்ந்துதான் நானும் தம்பியும் எழுத்துக் கூட்டப் பழகினோம். விசுவாசம், கிருபை, இரட்சிப்பு என்ற சொற்களெல்லாம் அர்த்தம் தெரியும் முன்பே காதில் ஏறியவை. அர்த்தம் கேட்டால் பாட்டி, "வயசாகும்போது தெரியும்" என்பாள்.

என் மகள் அப்படி விடுகிறவள் இல்லை. சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஓய்வுநாள் பள்ளியில் மத்தேயு 6ஆம் அதிகாரத்திலிருந்து பரமண்டல ஜெபத்தை மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார்கள். ஆராதனையில் வாராவாரம் சொல்லும் ஜெபம்தானே என்று அவளும் அலட்சியமாக இருந்தாள். வசனத்தை நான் வாசித்துக் காட்டியதும் நிறுத்தினாள்.

"அம்மா, கோயில்ல 'குற்றம்'னு சொல்றோம். பைபிள்ல 'கடன்'னு இருக்கு. எது கரெக்ட்?"

என் தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி. உற்சாகம் வந்துவிட்டது. மத்தேயுவின் கிரேக்கத்தில் இருப்பது கடன் என்ற சொல்தான், லூக்கா அதே இடத்தில் பாவம் என்று எழுதுகிறார், இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் உண்டு என்றெல்லாம் விளக்கினேன். நம் வீட்டிலிருக்கும் பழைய மொழிபெயர்ப்பு கடன் என்கிறது, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் குற்றம் என்கிறது, இரண்டுமே சரிதான் என்றும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடன்னா கடைக்காரர் அண்ணா நோட்டுல எழுதுவாரே, அதுவா?" என்றாள்.

"அதேதான்."

"அப்ப மாமா உனக்குத் தர வேண்டியதும் கடனா?"

என் தம்பியைத்தான் கேட்டாள். ஆறு ஆண்டுகளுக்கு முன் தொழில் தொடங்க என் நாலு சவரன் வளையல்களை வாங்கிக்கொண்டு போய் அடகு வைத்தான். தொழில் படுத்தது. வளையல் ஏலத்தில் போனது. அம்மா எனக்குக் கல்யாணத்துக்குப் போட்ட வளையல்கள் அவை. போனதைவிட, போனதை அவன் சொல்லாமல் மறைத்ததுதான் என்னைச் சுட்டது. அதற்குப்பின் நாங்கள் பேசவில்லை. உறவுக்காரர் கல்யாணங்களில் ஒரே பந்தியில் உட்காராமல் பார்த்துக்கொண்டோம். மகளிடம் நான் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் குழந்தைக்குத் தெரியாமல் எதைப் பேச முடியும்?

"அதெல்லாம் பெரியவங்க விஷயம். நீ வசனத்தைச் சொல்லு" என்றேன். சொன்னாள். ஒரு பிழையும் இல்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. 1529இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம் நினைவுக்கு வந்தது. குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக் கொடுப்பதற்கு என்று அதன் பகுதிகளின் தலைப்பிலேயே குறித்திருந்தார் அவர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்த சீகன்பால்கு அதையும் தமிழாக்கினார். சபைக்கு வாரத்தில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும், மிச்சம் வீட்டின் பொறுப்பு என்ற எண்ணம் அவ்வளவு பழையது. எங்கள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை தன் ஒரு மணி நேர வேலையைச் சரியாகச் செய்திருந்தார். மிச்சமுள்ள நேரத்தில் நான் என்ன சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்? தம்பியின் பெயர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பாடத்தை மகள் ஆறு ஆண்டாக, ஒரு நாள் விடாமல், என்னிடம் படித்து வந்திருக்கிறாள்.

முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியாரின் கடிதம் ஒன்றும் உண்டு. 1544இல் எழுதியது. கையில் மணியோடு ஊரைச் சுற்றிப் பிள்ளைகளையும் ஆண்களையும் கூட்டியது, ஜெபங்களைத் தமிழில் சொல்லிக் கொடுத்தது, அதை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக் கொடுக்கும்படி பிள்ளைகளை ஏவியது எல்லாம் அதில் இருக்கிறது. கல்லூரியில் முதலில் அதைப் படித்தபோது, ஆள் போதாததற்கு ஒரு நல்ல உத்தி என்று நினைத்துக் கடந்துவிட்டேன். என் வீட்டுக்கே அப்படி ஒரு பிள்ளை வந்தபோதுதான் அது எத்தனை சங்கடமான ஏற்பாடு என்று தெரிந்தது.

உடனே தம்பியைக் கூப்பிட்டுவிடவில்லை. மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் குடும்ப ஜெபத்தில் அந்த இடம் வந்தபோதெல்லாம் என் குரல் தானாக இறங்கியது. மகள் கண்ணை மூடியிருந்தாலும் அதைக் கவனித்தாள் என்று எனக்குத் தெரியும். ஒரு வியாழக்கிழமை மாலை, விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்குப் போகும் கூட்டத்தில் ஆட்டோ நகராமல் நின்றபோது போனை எடுத்தேன்.

"யக்கா" என்றான். பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. அம்மாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயா என்று கேட்டேன். அடித்தேன் என்றான். வளையலைப் பற்றி அவன்தான் ஆரம்பித்தான். "அது இருக்கட்டும்" என்றேன். மன்னித்தேன் என்ற சொல் வாய்க்கு வரவில்லை. எத்தனையோ பக்கங்களில் அந்தச் சொல்லை மொழிபெயர்த்தவள் நான்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் துள்ளிக் குதிக்கவில்லை. "முழுசாவா, பாதியா?" என்று மட்டும் கேட்டாள். பாதி என்றேன். பொய் சொல்லியிருந்தால் அதையும் அவள் பாடமாக எடுத்துக்கொண்டிருப்பாள்.

இப்போது தினமும் ஜெபத்துக்கு முன் கால் மணி நேரம் அவளுக்குத் தமிழ் எழுத்துக் கற்றுக்கொடுக்கிறேன். பாட்டியைப் போலவே, மடியில் வேதப் புத்தகம், வரியின் மேல் விரல். போன வாரம் மத்தேயு 6ஆம் அதிகாரத்தை முதல்முறையாகத் தானே கூட்டி வாசித்தாள். க, ட, ன் என்று எழுத்தெழுத்தாகச் சொல்லிவிட்டு, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"நிறுத்தாதே, மேலே படி" என்றேன்.